போன கிழமை யாரோடு விளையாடினோம்?

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஆட்டம் தொடங்க ஐம்பது நிமிடம் இருக்கும்போது எங்கள் மனேஜர் எனக்குப் போன் எடுத்தார். நான் உடைமாற்றும் அறையில் குந்தியிருந்து ஒருவனுடைய கணுக்காலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, எல்லாரும் எங்கை நிக்கிறியள்? இஞ்சை கேற் பூட்டிக் கிடக்கு."

"எந்தக் கேற்?"

அவர் சொன்ன இடம் லண்டனின் மற்ற அந்தத்தில், ரெய்னர்ஸ் லேன் தாண்டி இருந்தது. முந்தைய பருவத்தில் ஒரே ஒரு முறை அங்கே விளையாடியிருந்தோம். அன்றைய ஆட்டமோ எங்கள் சொந்த மைதானத்தில். மூன்று வருடமாகக் கிழமைக்கு மூன்று தரம் அவர் வந்துபோகிற மைதானம்.

அறையில் இருந்த அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். போனை மூடிவிட்டு, "பிழை என்னிலைதான். பழைய அட்டவணையை அவருக்கு அனுப்பிப்போட்டன்" என்று சொன்னேன். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட எடுக்கவில்லை. இப்போது யோசித்தால் அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

நான் பிசியோதெரபிஸ்ட். கிழமை நாட்களில் ஒரு மருத்துவமனையில் மற்றவர்களின் முழங்கால்களோடும் இடுப்புகளோடும் மல்லுக்கட்டுவேன். சனிக்கிழமைகளில் கிழக்கு லண்டனில் ஒரு சிறிய உதைபந்தாட்ட அணிக்கு வேலை. தபால்காரன், பள்ளி ஆசிரியர், வான் ஓட்டுகிறவன் என்று எல்லாரும் வேறு தொழில் பார்த்துக்கொண்டு விளையாடுகிறவர்கள். மனேஜர் ஒருவர்தான் உதைபந்தாட்டத்தைத் தவிர வேறெதுவும் செய்து பழகாதவர்.

அவர் அயர்லாந்துக்காரர். பேசுவது ஆங்கிலம். ஆனால் அவருடைய பேச்சு என் நினைவில் எங்கள் பேச்சாகவே பதிந்துவிட்டது, அப்படியேதான் எழுத வருகிறது. 'அக்கா' என்ற சொல் மட்டும் அவர் வாயிலிருந்தே வந்தது. பின்களத்தின் நடுவில் நின்று கோலைக் காக்கிற எங்கள் சென்டர் பாக் ஒரு தமிழ்ப் பொடியன். இருபத்தாறு வயது, மின்சார வேலை செய்பவன், எட்டு வயதில் ஜெர்மனியிலிருந்து வந்து செவன் கிங்ஸில் தாயோடு வளர்ந்தவன். அவன் என்னை அக்கா என்று கூப்பிட, அதுவே என் பெயர் என்று நினைத்து அணி முழுவதும் கூப்பிடத் தொடங்கியது, என்னைவிடப் பதினைந்து வயது மூத்த மனேஜர் உட்பட.

பதினாறு வயதில் ஒரு பையோடு கப்பலேறி லண்டனுக்கு வந்தவர் அவர். இரண்டு வருடம் மூத்த வீரர்களின் பூட்ஸ் துடைத்தார். பதினெட்டில் முதல் ஆட்டம். நாட்டிலேயே ஆபத்தான முன்கள வீரன் என்று பேரெடுத்தவனைப் பிடிக்கும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். அந்த ஆட்டத்தில் அந்த வீரன் பந்தைத் தொட்டதைவிட நிலத்தைத் தொட்டதுதான் அதிகம் என்று இன்றும் கிழவர்கள் சொல்வார்கள். அதன்பிறகு பதினேழு வருடம். மூக்கு நாலு தரம், தாடை ஒரு தரம் உடைந்தன. இடைவேளையில் விறைப்பு ஊசி இல்லாமல் நெற்றிக்குத் தையல் போட்டுக்கொண்டு திரும்பி ஓடியிருக்கிறார். சொந்த நாட்டுக்காகவும் ஆடினார். முழங்கால் இரண்டும் போனபிறகு மனேஜரானார். வடக்கே ஒரு அணியை மேல் பிரிவுக்கு ஏற்றியபோது ஊரே தோளில் தூக்கிக்கொண்டு போனது. அடுத்த வருடமே அதே ஊர் அவரைத் துரத்தியது, வேலை போன செய்தியைக் கார் வானொலியில்தான் கேட்டாராம். இன்னும் மூன்று அணிகள், மூன்று வெளியேற்றங்கள். கடைசியில் எங்களிடம் வந்தார்.

நான் சேர்ந்த முதல் மாதம் வெளி மைதானம் ஒன்றுக்குப் போயிருந்தோம். வாசலில் நின்ற ஆள் எல்லாரையும் உள்ளே விட்டுவிட்டு என்னை மட்டும் மறித்து, துப்புரவு வேலைக்காரருக்குப் பின்வாசல் என்றான். மனேஜர் திரும்பி வந்தார். கத்தவில்லை. உள்ளே போன வீரர்களை ஒவ்வொருவராக வெளியே கூப்பிட்டு மழைக்குள் வரிசையாக நிறுத்தினார். "இவ முதல் போகாமல் ஒருத்தரும் போறேல்லை" என்று மட்டும் சொன்னார். நடுவர் வந்து வாசல்காரனை விலக்கி என்னை முதலில் உள்ளே விடும்வரை அப்படியே நின்றோம்.

நவம்பரில் நான் பொய் சொன்னதற்கு அந்த மழைதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன், மருத்துவமனையில் நோயாளியைக் கவனிப்பது போல. ஒரே கதையைப் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு தரம் சொன்னார். தபால்காரனை வேறு யாருடையவோ பெயரால் கூப்பிட்டார், அவன் பகிடி என்று சிரித்தான். பயிற்சியின்போது கூம்புகளை அடுக்கிவிட்டு, எதற்கு அடுக்கினேன் என்பது போல அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு தரமும் நான் குறுக்கே புகுந்து சரிக்கட்டினேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"நீர் ஆருக்காவது சொல்லத்தானே வேணும்," என்றார் அவர். "ஆஸ்பத்திரியிலை ஒரு ஆள் இப்பிடி வந்தா என்ன செய்வீர்?"

"உடனே டொக்டரிட்டை அனுப்புவன்."

"பிறகென்ன?"

"பருவம் முடியட்டும். ஏப்ரல்லை கதைக்கிறன்."

அவர் தட்டுகளைக் கழுவப் போனார். ஆனால் மார்ச் முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வீடு திரும்பும்போது, "இண்டைக்கு எப்பிடி?" என்று கேட்டார். ஆட்டத்தைக் கேட்கவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

ஏப்ரலில் கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்குவோம், சமநிலை வந்தாலே தப்பிவிடுவோம். வழக்கத்தைவிட மூன்று மடங்கு கூட்டம். உடைமாற்றும் அறையில் மனேஜர் பேசியபோது குண்டூசி விழுந்தாலும் கேட்கும். முன்கள வீரர்களை எப்படி மறிப்பது என்று அழகாகச் சொன்னார். முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு முதல் வரியிலிருந்து அதையே மறுபடி சொன்னார். வீரர்கள் அழுத்திச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். 

இடைவேளையில் ஒன்றுக்கு ஒன்று. அவர் இரண்டு பேரை மாற்றினார். ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் மூன்றாவது ஆளையும் மாற்றினார். எங்களுக்கு அவ்வளவுதான் அனுமதி. ஐந்து நிமிடம் கழித்து, கோட்டோரம் மாற்று ஆட்கள் இருக்கும் வாங்கில் இருந்த தன் உதவியாளரைப் பார்த்து, "பள்ளி ஆசிரியரை உடம்பைச் சூடாக்கச் சொல்லு" என்றார். பள்ளி ஆசிரியர் அப்போது எங்கள் கண்முன்னே மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார். உதவியாளர் வாயைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து மருந்துப் பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன்.

அறுபத்தைந்தாவது நிமிடம் அது நடந்தது. மூலையடிப் பந்து ஒன்று கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்குள் உயர்ந்து வந்தது. எங்கள் சென்டர் பாக் எழும்பினான், எதிரணிக்காரனும் எழும்பினான். தலையும் தலையும் மோதிய சத்தம் வாங்குவரை கேட்டது. எதிரணிக்காரன் உருண்டு எழுந்தான். இவன் எழவில்லை. இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டியபடி விறைத்துக் கிடந்தான்.

நான் ஓடிப் போய்ச் சேருமுன் கண் திறந்துவிட்டான். "அக்கா, ஐ'ம் ஓகே" என்றான்.

அவனை அசைய விடாமல் கழுத்தைப் பார்த்தேன். பிறகு கேள்விகள். தலையில் அடிபட்டவனிடம் கேட்கவேண்டிய கேள்விகள் எங்களுக்கு மனப்பாடம். எந்த மைதானம்? சொன்னான். இது எந்தப் பாதி? சொன்னான். கடைசியாகக் கோல் போட்டது யார்? கொஞ்சம் யோசித்துச் சொன்னான்.

"போன கிழமை ஆரோடை விளையாடினீங்கள்?"

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். சின்னப் பிள்ளை பதில் தெரியாமல் சிரிப்பது போல. பிறகு கிறிஸ்துமஸுக்கு முன்னால் விளையாடிய ஒரு அணியின் பெயரைச் சொன்னான்.

நடுவரைப் பார்த்துக் கையைக் காட்டினேன். வெளியே எடுக்கவேண்டும்.

அவனைத் தாங்கிக்கொண்டு கோட்டுக்கு வந்தபோது மனேஜர் எங்கள் வழியை மறித்து நின்றார்.

"திருப்பி உள்ளுக்கு விடும், அக்கா."

"ஏலாது. அவனுக்கு மூளை கலங்கியிருக்கு."

"எழும்பி நிக்கிறான் பாரும். நடக்கிறான். மாத்த ஆளில்லை, பத்துப் பேரோடை இருவத்தஞ்சு நிமிசம் தாங்கேலாது."

"போன கிழமை ஆரோடை விளையாடினதெண்டு அவனுக்குத் தெரியேல்லை."

"அதெல்லாம் ஒரு கேள்வியே? நான் தாடை உடைஞ்சு அரை ஆட்டம் விளையாடினனான்!"

பின்னால் இருந்த கூட்டம் அவருக்குச் சார்பாகக் கத்தியது. யாரோ என்னை வீட்டுக்குப் போகச் சொன்னான். சென்டர் பாக், "விடுங்கோ அக்கா, நான் போறன்" என்று என் பிடியிலிருந்து கையை இழுத்தான். அவன் கால் பின்னிக்கொண்டது. நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, முடிவு என்ன என்று கேட்டார். மனேஜர் அவனுடைய தோளில் கைவைத்து மைதானத்தின் பக்கம் திருப்பினார்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். கோபத்தில் சொன்னேன், யோசித்துச் சொன்னதல்ல.

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ. போன கிழமை நாங்கள் ஆரோடை விளையாடினனாங்கள்?"

அவர் வாயைத் திறந்தார். கண் எதிரணியின் சட்டைக்குப் போனது, அங்கிருந்து கோல் எண்ணிக்கைப் பலகைக்குப் போனது, திரும்ப என்னிடம் வந்தது. உதடு அசைந்தது. மருத்துவமனையில் வயதானவர்களிடம் இது என்ன மாதம் என்று கேட்கும்போது ஜன்னல் பக்கம் திரும்புவார்களே, அந்தப் பார்வை.

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"வெண்டனாங்களோ, தோத்தனாங்களோ?"

அவருடைய கை சென்டர் பாக்கின் தோளிலிருந்து மெல்ல இறங்கியது. உதவியாளர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனேஜர் நடுவர் பக்கம் திரும்பி, ஆள் வெளியே வருகிறான் என்றார். குரல் ஒரு சாதாரணக் குரலாக இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கோட்டோரம் நடந்து போனார்.

மிச்ச ஆட்டத்தை நான் காதால்தான் பார்த்தேன். உடைமாற்றும் அறையில் சென்டர் பாக்கைச் சாய்த்து வைத்திருந்தேன். தலையிடி கூடுது என்றான். பத்து நிமிடத்தில் வாந்தி எடுத்தான், மறுபடி எடுத்தான். அம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அவன் கண்மணிகளைப் பார்ப்பதும் நேரத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன். மேலே கூரை அதிர்ந்துகொண்டிருந்தது. எங்கள் ரசிகர்கள் இடது பக்கம், எதிரணி ரசிகர்கள் வலது பக்கம். ஆட்டம் முடிய இரண்டோ மூன்றோ நிமிடம் இருக்கும்போது பெரும் இரைச்சல் ஒன்று எழுந்தது. வலது பக்கத்திலிருந்து.

"ஆர் அடிச்சது, அக்கா?" என்று கண்ணை மூடியபடி கேட்டான்.

"தெரியேல்லை," என்றேன்.

வீரர்கள் அழுதுகொண்டு வந்தார்கள். மனேஜர் அவர்களில் யாரோடும் பேசாமல் நேராக எங்களிடம் வந்து, "அம்புலன்ஸிலை நானும் வாறன்" என்றார்.

பின்னேர வெயில் விழுந்த மருத்துவமனை நடைபாதையில், ஸ்கானுக்குக் கொண்டுபோனவனுக்காகக் காத்திருந்தோம். அவனுடைய தாய் அப்டன் பார்க்கில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்பவர். கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார், கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"தங்கச்சி, அவன் கதைக்கிறானோ?"

"ஓம் அக்கா, நல்லாக் கதைக்கிறான். ஸ்கான் எடுக்கினம்."

அவர் மனேஜரைப் பார்த்தார். "இவர் ஆர்?"

"மனேஜர்."

"இவரோ அவனை விளையாட விட்டது?"

"இல்லை அக்கா. இவர்தான் வெளியிலை எடுக்கச் சொன்னவர்."

மனேஜர் என் பக்கம் குனிந்து, என்ன கேட்டார் என்றார். சொன்னேன். நான் என்ன பதில் சொன்னேன் என்றும் கேட்டார். அதையும் சொன்னேன்.

"அவவுக்கு உண்மையைச் சொல்லும், அக்கா."

"இப்ப வேண்டாம்."

"சொல்லும். இல்லாட்டி நான் ஆங்கிலத்திலை சொல்லுவன், அவவுக்கு அது விளங்கும்."

எனவே நானே மொழிபெயர்த்தேன். முதலில் அவர் திருப்பி விளையாட விடச் சொன்னார் என்று. பிசியோ மறித்ததால்தான் வெளியே எடுத்தார் என்று.  அந்தத் தாய் கத்துவார் என்று நினைத்தேன். அவர் மனேஜருடைய முகத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோணிய மூக்கு, நெற்றித் தழும்புகள்.

"இதெல்லாம் விளையாடினதிலையோ?"

"ஓம்," என்றேன்.

"இவரின்ரை தாய் பாத்தவவோ எண்டு கேளும்."

கேட்டேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். தாய் ஒருநாளும் மைதானத்துக்கு வந்ததில்லை. வானொலியில் கேட்பா. வர்ணனையாளர் இவருடைய பெயரைச் சொன்னதும் அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவா.

நான் மொழிபெயர்த்து முடித்ததும் அந்தத் தாய் தன் பையைத் தூக்கிக்கொண்டு எதிர்வரிசைக் கதிரைக்குப் போய் இருந்துகொண்டார். 

மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் இடையில் சிறிய இரத்தக் கசிவு. அறுவைச் சிகிச்சை தேவைப்படாது, கவனித்துக்கொண்டிருந்தால் போதும் என்றார் மருத்துவர். உடனே இன்னொரு அடி விழுந்திருந்தால் நிலைமை வேறு என்றும் சொன்னார். இனி அவன் விளையாட்டை மறந்துவிடவேண்டும். தாய் உள்ளே போனார். நாங்கள் இருவரும் நடைபாதையில் தனியே இருந்தோம்.

"எப்ப தொடக்கம் தெரியும்?" என்று கேட்டார்.

"நவம்பர்."

"எனக்கு அதுக்கு முந்தியே தெரியும்." சுவரில் தலையைச் சாய்த்தார். "பெடியனா இருக்கேக்கை ஒவ்வொரு நாளும் பயிற்சி முடிஞ்ச பிறகு என்னை மட்டும் நிப்பாட்டி வைச்சுப் பந்து எறிவினம். ஈரப் பந்து. கை உளையுமட்டும் எறிவினம், நான் தலையாலை முட்டுவன். தலையிடியோடை வீட்டை போய்ப் படுப்பன். தலை இடிச்சாத்தான் ஒழுங்கா வேலை செய்திருக்கிறன் எண்டு நினைச்சனான்."

"டொக்டரிட்டைப் போயிருக்கலாமே?"

"போயிருந்தா அண்டைக்கே வேலை போயிருக்கும். வேறை என்ன எனக்குத் தெரியும்?" பிறகு என்னை நேரே பார்த்தார். "நான் இண்டைக்கு அவனை உள்ளுக்கு அனுப்பியிருப்பன். நீர் அதைக் கேட்டிருக்காட்டி அனுப்பியிருப்பன்."

எல்லாருக்கும் முன்னால் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்ததும் அது அவருக்குத் தேவையில்லை என்று பட்டது. எனக்குத்தான் தேவையாக இருந்தது.

அடுத்த கிழமை அவர் வீரர்களை அழைத்து, தானே சொன்னார். நானும் எழுந்து, நவம்பரில் பழைய அட்டவணை எதையும் அனுப்பவில்லை என்று சொன்னேன்.  தபால்காரன் எழுந்து வந்து மனேஜரைக் கட்டிப்பிடித்தான். என்னை யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. அது நியாயம்தான். மருத்துவச் சோதனைகள் கோடை முழுக்க நடந்தன. நினைவு இழப்பு நோய், ஆரம்ப நிலை தாண்டிவிட்டது என்றார்கள்.

முடிவு வந்த அன்று அவருடைய மனைவி எனக்குப் போன் எடுத்தார். நான் அதுவரை அவரோடு இரண்டு தரம்தான் பேசியிருந்தேன்.

"அறிகுறி என்னெண்டு படிச்ச ஆள் நீர். ஆறு மாதம் தெரிஞ்சு வைச்சிருந்தீர். நான் அவரோடை ஒரே வீட்டிலை இருந்துகொண்டு, வயசு போகுது எண்டு நினைச்சு அவரை ஏசிக்கொண்டிருந்தன். மறதிக்காக அவரை ஏசினனான். தெரியுமோ?"

"பிழைதான்," என்றேன்.

"அந்தப் பெடியன் செத்திருப்பான். இவர் காரோட்டி ஆரையும் கொண்டிருப்பார். ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

மழையில் வரிசையாக நின்ற கதையை அவருக்குச் சொல்ல வாயெடுத்தேன். அது காரணமாகவே படவில்லை. மறுபடியும் பிழைதான் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

சென்டர் பாக் தேறிவிட்டான். தலையிடி நாலைந்து மாதம் விட்டுவிட்டு வந்தது, இப்போது இல்லை. வேலைக்குப் போகிறான். உதைபந்தாட்டம் பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டான். பார்த்தால் காலெல்லாம் துடிக்கிறது என்கிறான். அவனுடைய தாய் எப்போதாவது போன் எடுத்து, "அந்த மனுசன் எப்பிடி?" என்று மட்டும் கேட்பார்.

இலையுதிர் காலத்தில் மனேஜருடைய முழங்கால்கள் மோசமாகி, நடக்கச் சிரமப்படுகிறார் என்று உதவியாளர் சொன்னார். மனைவிக்கு நான் எழுதினேன். விருப்பமென்றால் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிறேன் என்று. பதில் வரப் பத்து நாள் ஆனது. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வரலாம் என்று ஒரே வரி.

அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் போகிறேன். மனைவி கதவைத் திறப்பார், தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் மேசையில் வைப்பார், அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான் அவருடைய காலை மடக்கி நீட்டிக்கொண்டிருப்பேன். சில நாட்களில் என்னைத் தெரிகிறது. சில நாட்களில் மிகவும் மரியாதையாக, நீங்கள் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கிறார். வலித்தாலும் முகம் சுளிக்கமாட்டார். "வலிச்சாச் சொல்லுங்கோ" என்று நான் திரும்பத் திரும்பக் கேட்கவேண்டியிருக்கிறது.

போன மாதம் ஒரு செவ்வாய், காலை நீட்டும்போது அவர், "ஐயோ, வலிக்குது!" என்று கத்திவிட்டார். அடுப்படிக் கதவு திறந்தது. மனைவி ஓடிவந்து நின்றார்.

"என்ன சொன்னவர்?"

"வலிக்குது எண்டவர்."

அவர் நம்பாமல் கணவரைப் பார்த்தார். "நாப்பது வருசத்திலை ஒருநாளும் அதை இவர் வாயாலை கேட்டதில்லை."

"மெய்யாத்தான் வலிக்குது," என்றார் மனேஜர் எரிச்சலோடு.

மனைவி சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார். அடுப்படிக்குள் போனவர் தன்னுடைய கோப்பையையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, எங்களோடு சோபாவின் ஓரத்தில் இருந்தார்.